கஷ்டத்திலும் ஸ்தோத்திரம் சொல்வது நடிப்பாகத் தோன்றுகிறதே, என்ன செய்வது?

வாய் "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்கிறது, மனசில் ஒன்றுமே இல்லை, அதிலும் வீட்டில் பிரச்சினை இருக்கும்போது நன்றி சொல்வது நடிப்பு மாதிரி இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நடிக்கவே வேண்டாம் என்பதுதான் என் முதல் பதில்.

பைபிளில் யோவான் 11-ஆம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசித்துப் பாருங்கள். இறந்துபோன தம் சிநேகிதன் லாசருவின் கல்லறைக்குப் போகிற வழியில் 35-ஆம் வசனத்தில் இயேசு கண்ணீர் விடுகிறார். ஆறே வசனம் தள்ளி, கல்லை எடுத்துப் போட்டதும் அண்ணாந்து பார்த்து, "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்" என்கிறார். அழுகையும் ஸ்தோத்திரமும் ஒரே இடத்தில், ஒரே ஆளிடத்தில். காட்டிக்கொடுக்கப்பட்ட ராத்திரியிலும் அவர் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணித்தான் பிட்டார், அதைத்தான் ஒவ்வொரு திருவிருந்திலும் நினைவுகூருகிறோம். அதனால் துக்கத்தில் இருக்கிறவரிடம் போய் "அழாதீங்க, ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு வலிக்கும். அழட்டும், அதுவும் ஜெபம்தான்.

எங்கள் அப்பா நோயில் படுத்திருந்த காலத்தில் அம்மா அந்த நோய்க்காக ஒரு நாளும் நன்றி சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ராத்திரி குடும்ப ஜெபத்தில், அவசரத்துக்குக் கூப்பிட்டதும் வந்து நின்ற ஆட்டோக்கார அண்ணனுக்காக, பக்கத்து வீட்டு அக்கா கொண்டு வந்த கஞ்சிக்காக, அப்பா நேற்றைவிடக் கொஞ்சம் கூடத் தூங்கினதற்காக என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஸ்தோத்திரிப்பார்கள். அப்புறம் "இவருக்குச் சுகம் தாரும்" என்று அழுவார்கள். நன்றி எப்படிச் சொல்வது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். "இந்த நாளுக்காக ஸ்தோத்திரம்" என்று மொத்தமாகச் சொல்லும்போது மனசு எங்கேயோ போய்விடுகிறது, கஞ்சி கொண்டு வந்த கையை நினைக்கும்போது போவதில்லை.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில், விளைச்சலுக்கு நன்றி சொல்கிற அறுப்பின் பண்டிகை என்றால் வாழைத்தார், தேங்காய், முட்டை, கோழி எல்லாம் ஆலயத்துக்கு வரும், பிறகு ஏலம் போகும். தோட்டத்தில் விளைந்ததையே தூக்கிக்கொண்டு வந்து நிற்பதில், கவரில் போடும் காணிக்கைக்கு இல்லாத ஒன்று இருக்கிறது, எதற்கு நன்றி சொல்கிறோம் என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிறது.

இன்னொரு விஷயம், கர்த்தருக்குச் சொல்கிற நன்றியை மனுஷரிடமும் போய்ச் சொல்லுங்கள். உங்களுக்காக ஜெபித்தவருக்கு "இப்ப பரவாயில்லைங்க, உங்க ஜெபம்தான்" என்று ஒரு போன். ஆலயத்தைப் பெருக்கி, மணி அடித்து, எல்லாரும் போன பிறகு கதவைப் பூட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை. வீட்டில் சமைத்தவரிடமும்தான், சாப்பாட்டு ஜெபம் முடிந்த கையோடு.

சரி, எதுவுமே வாயில் வராத நாளில்? எனக்கு பைபிளின் சங்கீதப் புத்தகத்திலுள்ள 136-ஆம் சங்கீதம் உதவுகிறது. 26 வசனம், ஒவ்வொன்றிலும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று வரும். சூரியன், சந்திரன், செங்கடல் என்று ஒவ்வொன்றாக, சீகோன், ஓக் என்ற ராஜாக்களின் பெயரைக்கூட விடாமல் சொல்லி நன்றி சொல்கிற சங்கீதம் அது. வீட்டில் ஒருவர் முதல் பாதியை வாசிக்க, மற்றவர்கள் சேர்ந்து மறுபாதியைச் சொல்லலாம், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் சின்னப் பிள்ளைகளும் கலந்துகொள்வார்கள். 26-ஆம் வசனம் முடிந்ததும் பைபிளை மூடிவிடாமல் ஆளுக்கு ஒரு வசனம் தங்கள் வீட்டுக் கதையிலிருந்து சேர்க்கச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் பெரும்பாலும் பிள்ளைகள்தான் முதலில் ஆரம்பிக்கிறார்கள்.