காய்ச்சல் விட்டதும் ஊசியை நிறுத்தலாமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் எங்கள் ஊர். குறுவை அறுப்பின்போது அப்பாவுக்கு (58 வயது) நான்கு நாள் காய்ச்சல். பிறகு என்னைப் பார்த்தே "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்றார், அன்றிரவு வலிப்பும் வந்தது. தஞ்சாவூரில் சேர்த்தோம். ஹெர்பிஸ் என்ற வைரஸால் வரும் மூளை அழற்சி என்றார்கள். பத்து நாள் ஊசியில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். இன்னும் 11 நாள் போட வேண்டுமாம். மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாமா? உறவினர்கள் அக்கி எழுதச் சொல்கிறார்கள்.

பதில்: போகாதீர்கள். அப்பாவுக்கு ஊசியில் போடும் அசைக்ளோவிர் மருந்து மாத்திரையாக உள்ளே போனால் ரத்தத்தில் சேர்வதே சிறு பங்கு. மூளைக்கு எட்டுவது அதிலும் கொஞ்சம். அதனால்தான் நரம்பு வழியே, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம், எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, 14 முதல் 21 நாள் வரை ஏற்றுகிறோம். பாதியில் விட்டால் வைரஸ் மறுபடி தலைதூக்கும். மருந்தே கொடுக்காத காலத்தில் இந்த நோய் கண்டவர்களில் 100க்கு 70 பேர் இறந்தார்கள்.

ஒவ்வொரு டோஸும் ஒரு மணி நேரம் மெதுவாக இறங்க வேண்டும். சீக்கிரம் முடியட்டும் என்று டிரிப் திருகை நீங்களே திறந்துவிடாதீர்கள். மருந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்துவிடும். சிறுநீர் குறைந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். முடிக்கும் முன் முதுகில் மறுபடி நீர் எடுக்கக் கேட்டால் சம்மதியுங்கள். அதனால் இடுப்பு விழுந்துவிடும் என்பது வெறும் திண்ணைப் பேச்சு.

அக்கி இந்த வைரஸின் பங்காளி, வேறு வைரஸ். குயவர் பூசும் காவி தோலைத் தாண்டாது. அப்பாவுக்கு வந்தது பெரும்பாலும் உதட்டுக் கொப்புளம் தரும் வைரஸ். சிறுவயதிலேயே எச்சில் வழியே நுழைந்து, முகத்து நரம்பு முடிச்சில் பல வருடம் தூங்கியிருக்கும். வயல் கொசு பரப்புவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அதற்குத் தடுப்பூசி உண்டு, வைரஸைக் கொல்லும் மருந்து இல்லை. அப்பாவின் நோய்க்கு மருந்து இருக்கிறது.

வீடு திரும்பிய பின்னும் பெயர்கள் மறக்கலாம், கோபம் கூடலாம். நினைவைப் பதியவைக்கும் பொட்டுப் பக்க மூளையைத்தான் இந்த வைரஸ் தின்கிறது. ஆனால் சில வாரங்களில் உளறலோ, வாய் கோணி இழுப்பதோ புதிதாகத் தொடங்கினால் உடனே அழைத்து வாருங்கள். உடலின் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குவதாக இருக்கலாம். அதற்கு ஸ்டீராய்டு போன்ற வேறு சிகிச்சை.

வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை வாய்க்கால் கரைக்கும் பம்புசெட்டுக்கும் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். டிராக்டர் சாவியை எடுத்து வைத்துவிடுங்கள்.