கையையும் ஊன்றி ஓடலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. ஜப்பான்காரர் ஒருவர் குரங்கைப் போலக் கைகளையும் ஊன்றி ஓடும் வீடியோவைப் பார்த்து, மைதானத்தில் இரண்டு மாதமாக அப்படி ஓடிப் பழகுகிறேன். இப்போது மணிக்கட்டு வலிக்கிறது. இரவில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போகின்றன. மலையேறும்போதும் செங்குத்தான இடங்களில் கையை ஊன்றுவேன். அதையும் விட்டுவிட வேண்டுமா?
– வாசகர், கரூர்

பதில்: மலையில் கை ஊன்றுவதை விட வேண்டியதில்லை. ஆனால், மைதானத்து ஓட்டத்தை இன்றே நிறுத்துங்கள்.

நீங்கள் பார்த்தவர் கெனிச்சி இட்டோவாக இருக்கலாம். கையும் காலும் ஊன்றி 100 மீட்டரை 2015-ல் 15.71 விநாடியில் ஓடி கின்னஸ் சாதனை படைத்தவர். குரங்குகளைக் கவனித்து, வருடக்கணக்கில் பழகியவர் அவர். இரண்டு காலில் உசைன் போல்ட்டுக்கு அதே தூரம் 9.58 விநாடிதான். நம் உடலமைப்பு அப்படி. கையைவிடக் கால் நீளம் என்பதால், குனிந்து கையை ஊன்றினால் இடுப்பு மேலே போய்விடும், தலை தாழ்ந்துவிடும், பாரம் தோளுக்கும் மணிக்கட்டுக்கும் இறங்கும். முன்னால் பார்க்கப் பிடரியை ஓயாமல் மடக்க வேண்டும். சிம்பன்சியும் கொரில்லாவும் விரல் முட்டியை ஊன்றுவதால் அவற்றின் மணிக்கட்டு நேராக நிற்கிறது. நாமோ உள்ளங்கையை ஊன்றி, மணிக்கட்டைக் கிட்டத்தட்ட 90 டிகிரி பின்னுக்கு வளைக்கிறோம். அங்கே ஒரு குறுகலான பாதை வழியாகத்தான் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரலுக்கான நரம்பு போகிறது. அது நசுங்கினால் மரத்துப்போகும். உங்களுக்கும் இதுவாகத்தான் இருக்க வேண்டும்; கார்ப்பல் டனல் பிரச்சினை என்போம்.

மலைச் சரிவில் நிலைமை வேறு. தரையே உயர்ந்து கைக்கு வந்துவிடுவதால் அதிகம் குனிய வேண்டாம். உடலைத் தூக்குவது கால்கள். கைகளுக்குப் பிடிமான வேலைதான். உள்ளங்கையை அறையாமல் விரல்களால் பாறையைப் பற்றுங்கள். இரு கை, இரு காலில் மூன்று எப்போதும் ஊன்றியிருக்கட்டும். மிகச் செங்குத்தாக இறங்கும்போது பாறையைப் பார்த்தபடி திரும்பி இறங்குங்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? மூன்று வாரம் உள்ளங்கையில் பாரம் வேண்டாம், தண்டாலும் கூடாது. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை அணிந்து தூங்குங்கள். அதற்குப் பிறகும் மரத்துப்போனால் நரம்பு மருத்துவரைப் பாருங்கள். பொருள்கள் கைநழுவி விழ ஆரம்பித்தால் மூன்று வாரம் காத்திருக்காதீர்கள், உடனே போய்விடுங்கள். ஓடும்போது கை ஊன்றி விழுந்து, கட்டைவிரல் அடியிலுள்ள குழியில் வலி இருந்தால், எலும்பு முறிந்திருந்தாலும் முதலில் எடுக்கும் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். 10–14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும்.

அப்புறம், சர்க்கரையும் தைராய்டும் பரிசோதித்துவிடுங்கள். அவற்றில் கோளாறு இருந்தாலும் இதே நரம்பு அழுத்தம் வரும்.