சிறுநீர் கழித்ததும் நெஞ்சு படபடக்கிறதா? அதை முதலில் சொல்லுங்கள்

மஸ்கெலியாவிலிருந்து எழுதிய சகோதரிக்கு,

சிறுநீர்ப்பையில் கண்ட கட்டி புற்றுநோயா, பையையே எடுத்துவிடுவார்களா என்பதுதான் உங்கள் பயம். ஸ்கேன் அறிக்கையில் இருப்பது, சிறுநீர்ப்பைச் சுவருக்குள் 3 சென்டிமீட்டர் அளவில் வழவழப்பான ஒரு கட்டி என்பது மட்டுமே. சிறுநீர்ப்பைக் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய்தான், மறைக்க மாட்டேன். ஆனால் அவை பொதுவாக உள்தோலில் தொடங்கும். சுவருக்குள் உருண்டையாக இருப்பவற்றில் புற்றல்லாத அரிய கட்டிகளும் உண்டு. எதுவென்று ஸ்கேனை மட்டும் பார்த்து நானும் சொல்ல முடியாது, நீங்கள் இரவெல்லாம் பார்த்த யூடியூப் வீடியோக்களும் சொல்ல முடியாது.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சிறுநீர் போனதும் தலை விண்விண்ணென்று வலித்து, நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டுகிறது. லயத்திலிருந்து மலசலகூடத்துக்கு ஏறி இறங்குவதால் இருக்கும் என்று. ஏற்றம் காரணமென்றால் கொழுந்து மலை ஏறும்போதும் அப்படித்தானே வர வேண்டும்? பாராகாங்லியோமா என்றொரு அரிய கட்டி அட்ரினலின் வகை ஹார்மோன்களைச் சுரக்கும். சிறுநீர்ப்பை சுருங்கும்போது அது அழுத்தப்பட்டு, ஹார்மோன் இரத்தத்தில் கலந்து பிரஷர் சட்டென்று ஏறும். சிலர் மயங்கியும் விழுவார்கள். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இல்லையென்று உறுதியாகும்வரை யாரும் அந்தக் கட்டியில் கை வைக்கக் கூடாது. ஆயத்தமில்லாமல் பயோப்சி, அதாவது சோதனைக்காகக் கட்டியில் ஒரு துண்டு, எடுத்தால் சத்திரசிகிச்சை மேசையிலேயே பிரஷர் ஆபத்தான அளவுக்கு எகிறலாம்.

படபடப்புக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் புரொப்ரனோலோல் மாத்திரையை அவ்வப்போது போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனித் தொடாதீர்கள். இந்தக் கட்டி இருந்தால், அந்த மாத்திரையைத் தனியாகப் போடுவது பிரஷரை இன்னும் ஏற்றிவிடும். ஒருவருக்கு எழுதிய மருந்தை இன்னொருவர் விழுங்கும் பழக்கம் நம் தோட்டங்களில் எப்போதுதான் நிற்குமோ!

இந்த வாரமே தோட்ட வைத்தியசாலையில் சிறுநீர் போவதற்கு முன்னும், போன உடனேயும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். அளவு சரியாக இருந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். அங்கிருந்து வைத்தியரின் கடிதத் துண்டு வாங்கிக்கொண்டு கண்டி தேசிய வைத்தியசாலை யூரோலொஜி கிளினிக்குக்குப் போய், ஸ்கேனைக் காட்டுவதற்கு முன்பே இந்தப் படபடப்பைச் சொல்லுங்கள். 24 மணி நேரச் சிறுநீரில், அல்லது இரத்தத்தில், அந்த ஹார்மோன்கள் உடைந்து உண்டாகும் மெட்டாநெஃப்ரின் அளவு பார்ப்பார்கள். கூடியிருந்தால் ஒன்றிரண்டு வாரம் அல்ஃபா தடுப்பு மருந்து கொடுத்து பிரஷரை அடக்கிய பிறகே சத்திரசிகிச்சை. பெரும்பாலும் கட்டியுள்ள பகுதியை மட்டும் வெட்டி எடுப்பார்கள். இவற்றில் சில பிற்காலத்தில் பரவக்கூடியவை என்பதால், பல வருடங்களுக்குக் கிளினிக் போக வேண்டியிருக்கும்.

மெட்டாநெஃப்ரின் அளவு சரியாக இருந்தால், கமரா குழாயை உள்ளே விட்டுப் பார்த்துத் துண்டு எடுப்பார்கள். லியோமயோமா என்ற தசைக்கட்டி என்று வந்தால் நிம்மதியாக இருங்கள். கர்ப்பப்பையில் வரும் ஃபைப்ரொய்ட்டின் உறவுதான் அது, பரவாது. உள்பக்கம் சிறிதாக இருந்தால் சிறுநீர்ப் பாதை வழியாகவே சுரண்டி எடுத்துவிடலாம். சுவருக்குள் பெரிதாக இருந்தால் வயிற்றைத் திறந்து தோண்டி எடுப்பார்கள். பை முழுவதையும் எடுக்கும் தேவை மிக மிக அரிது.

நீங்கள் கேட்ட மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் பதில். கொழுந்து எடுக்கும்போது சிறுநீரை அடக்கியதால் இந்தக் கட்டி வராது. வாழைத்தண்டுச் சாறும் நெருஞ்சில் கஷாயமும் இதைக் கரைக்காது, நிறுத்துங்கள். கணவருக்கோ பிள்ளைகளுக்கோ தொற்றாது.

அப்புறம், பெற்றோர், கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது இளவயதிலேயே கடும் பிரஷரோ, அட்ரினல் சுரப்பியில் கட்டியோ இருந்ததா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு போங்கள். பாராகாங்லியோமா சில குடும்பங்களில் பரம்பரையாக வருவதுண்டு.