ஜிம் இல்லாமல், விடுதியில் இருந்துகொண்டே உடற்பயிற்சியைப் பழக்கமாக்குவது எப்படி?

பினாங்கில் படிக்கிறேன், ஜிம்முக்குப் பணமில்லை, எதைத் தொடங்கினாலும் இரண்டு வாரத்தில் நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டு வாரம் போதவே போதாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்குப் பல மாதங்கள் தேவைப்பட்டன. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று: இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆகவே ஒரு நாள் தவறினால் "எல்லாம் போச்சு" என்று கைவிடாதீர்கள். அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் புதிய செயலை தினமும் வரும் ஒரு தருணத்தோடு இணைத்தார்கள். நீங்கள் கடைசி வகுப்போடு இணைக்கலாம். வகுப்பு முடிந்ததும் அறைக்குப் போகாமல் நேராக நடக்கப் போய்விடுங்கள். அறைக்குள் நுழைந்து கட்டிலில் சாய்ந்துவிட்டால் எழுவது கஷ்டம்!

பெரியவர்களுக்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான பயிற்சி, அதோடு 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. தாவரவியல் பூங்காவில் நடக்கக் கட்டணம் இல்லை. பக்கத்திலேயே தண்ணீர்மலை முருகன் கோயில். அந்த 513 படிகளை நிதானமாக ஏறினாலே கால்களுக்கு நல்ல பயிற்சி. மழை நாளில் அறையிலேயே தண்டால் எடுங்கள்.

சாப்பாட்டில், மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகம்) தே தாரிக் என்னும் இனிப்பான பால் தேநீருக்குப் பதில் தே ஓ கொசோங் என்னும் வெறும் தேநீர் கேளுங்கள், சர்க்கரை இருக்காது. அப்புறம், தேர்வு வாரத்திலும் 7 மணி நேரத் தூக்கத்தைக் குறைக்காதீர்கள்.