5248232, 5227002: இரண்டும் ஒரே இடம்தான்

உங்கள் விசிஎஃப் கோப்பில் (ஒருவரின் டிஎன்ஏ மாற்றங்களைப் பட்டியலிடும் கோப்பு) அரிவாள் செல் மாற்றத்தின் இட எண் 5248232, ஒப்பிட்ட இணையதளத்தில் 5227002, கோப்பில் தவறா என்று கேட்டீர்கள். தவறில்லை. அரிவாள் செல் நோய்க்கான இந்த மாற்றம் 11-ஆம் குரோமோசோமில் இருக்கும் இடத்தை, மனித டிஎன்ஏவின் மேற்கோள் வரிசையில் 2009-இல் வந்த ஜிஆர்சிஎச்37 பதிப்பு 5248232 என்கிறது. 2013-இல் வந்த ஜிஆர்சிஎச்38 பதிப்பு 5227002 என்கிறது. கோப்பு பழைய பதிப்பு, நீங்கள் ஒப்பிட்ட தளம் புதியது. அவ்வளவுதான்.

உறுதிசெய்ய, கோப்பின் தலைப்பு வரிகளில் 11-ஆம் குரோமோசோமின் நீளத்தைப் பாருங்கள். 135006516 என்றால் 37. 135086622 என்றால் 38. அந்த வரிகளை யாராவது வெட்டியெறிந்திருந்தால் (ஏன்தான் செய்கிறார்களோ!) இந்த மாற்றத்தின் அடையாள எண்ணான ஆர்எஸ்334 (rs334) என்று தேடி, அந்த வரியில் உள்ள இட எண் மேலே சொன்ன இரண்டில் எது என்று பாருங்கள். அடையாள எண் பதிப்போடு மாறாது.

பாடநூலில் டிஎன்ஏ எழுத்து 'ஏ' என்பது 'டி' ஆகிறது, கோப்பில் தலைகீழாக இருக்கிறது என்றீர்கள். இந்த மாற்றம் நிகழும் எச்பிபி என்ற ஹீமோகுளோபின் மரபணு, டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதிர் இழையில் இருக்கிறது. மரபணுவின் திசையில் படித்தால் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஜிடிஜி ஆகிறது. அதனால் புரதத்தில் குளுட்டாமிக் அமிலம் என்ற அமினோ அமிலத்தின் இடத்தில் வாலின் வந்து உட்காருகிறது. விசிஎஃப் கோப்போ முன் இழையைத்தான் எழுதும். ஓர் இழையின் 'ஏ'வுக்கு எதிரே மற்றதில் 'டி' நிற்கும். எனவே அங்கே 'டி' இருந்த இடத்தில் 'ஏ'.

ஒன்று: இரண்டுக்கும் உள்ள 21230 வித்தியாசத்தை மற்ற இடங்களுக்கும் கழித்துவிடாதீர்கள். அது இடத்துக்கு இடம் மாறும். ஒரு பதிப்பின் இட எண்ணை மற்றதற்கு மாற்றித்தரும் லிஃப்ட்ஓவர் கருவியைப் பயன்படுத்துங்கள். கோப்பு வீட்டில் ஒருவருடையது என்றால், ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரசிஸ் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் இரத்தப் பரிசோதனை) செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.