ஜூலையில் குடும்பத்தோடு குற்றாலம் போக இரண்டு நாள் போதுமா?

சென்னையிலிருந்து ஆறு பேர், அதில் 70 வயதைத் தாண்டிய தாயார் ஒருவர், நான்கு வயதுக் குழந்தை ஒன்று. ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு குற்றாலம் போய்வர வேண்டும், எந்த அருவி, எங்கே தங்குவது, எப்போது குளிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பிறந்து வளர்ந்தது மேலகரம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில் இருக்கிற ஊர். பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு அருவிக்கு ஓடிய கூட்டத்தில் நானும் ஒருத்தி. கல்யாணமாகிச் சென்னைக்கு வந்த பிறகுதான் சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரி ஆனேன். அதனால் இரண்டு பக்கத்துச் சிரமமும் தெரியும்.

சனி, ஞாயிறு வேண்டாம். இதை மட்டும் கேட்டுக்கொண்டு நான் சொல்லும் மீதியை நீங்கள் விட்டுவிட்டாலும் எனக்குச் சம்மதம்.

புகுந்த வீட்டாரை நான் முதல்முறை அழைத்துப்போனது ஒரு ஜூலை ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊர் அருவியைக் காட்டுகிறேன் பாருங்கள் என்று ஒரு மாதமாகப் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை இரவு வேனில் கிளம்பி, மறுநாள் காலை பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். வண்டியை எங்கோ நிறுத்திவிட்டு வெகுதூரம் நடந்து, பெண்கள் வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றோம். குழந்தை தோளிலேயே தூங்கிவிட்டது. எங்களுக்கு முன்னால் இருபது பேர்தான் பாக்கி. அப்போது தண்ணீரின் நிறம் மாறியது. வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது, டீ கலந்ததுபோல் ஆயிற்று. போலீஸ்காரர்கள் விசில் ஊதி எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். பேரருவியில் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் அந்த வளைவைத் தாண்டி வந்து விழ ஆரம்பித்தால் குளிக்கத் தடை. அன்று சாயங்காலம் வரைக்கும் தடை நீங்கவில்லை. விடுதிக் குழாயைத் திறந்து வெந்நீரில் குளித்துவிட்டுத் திரும்பினோம். அத்தை வழியெல்லாம் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டு அம்மா விசாரித்தபோதுதான், "குற்றாலத்தில் குழாய்த் தண்ணீர் ரொம்ப நன்றாக இருந்தது" என்றார்.

இந்த ஊரில் மழை பெய்வதையும் அருவியில் தண்ணீர் விழுவதையும் வெளியூர்க்காரர்கள் ஒன்றாகவே நினைக்கிறார்கள். அருவிக்குத் தண்ணீர் வருவது மேலே மலையில் பெய்கிற மழையிலிருந்து. சிற்றாறு அங்கே தொடங்கி, தேனருவி, செண்பகாதேவி அருவி என்று இறங்கி, கடைசியில் பேரருவியாக விழுகிறது. ஊரில் பளிச்சென்று வெயில் அடிக்கும், மேலே கொட்டியிருக்கும். பத்து நிமிடத்தில் தண்ணீர் பெருகிவிடும். 2024 மே மாதம், சீசன்கூடத் தொடங்காத கோடை மழையில், பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். எனவே போலீஸ்காரர் விசில் ஊதினால் "இன்னும் ஐந்து நிமிடம்" என்று கெஞ்சாதீர்கள்.

அப்படியானால் சாரல்? அது வேறு சங்கதி. தென்மேற்குப் பருவமழை மேகங்களை மேற்குத் தொடர்ச்சி மலை கேரளப் பக்கத்திலேயே தடுத்துவிடும். செங்கோட்டைக் கணவாயில் மட்டும் மலைக்கு நடுவே ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வழியாகக் காற்றோடு சேர்ந்து வருகிற பூந்தூறல்தான் சாரல். வெயிலும் தூறலும் ஒரே நேரத்தில் இருக்கும். குடை பிடித்தால் காற்று குடையைத் திருப்பிவிடும். நனைந்துகொண்டே நடப்பதுதான் மரியாதை. ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களுக்கு அருவி கிடைக்கலாம், இந்தச் சாரல் கிடைக்காது. சாரல் காலம் ஜூன் பாதியிலிருந்து ஆகஸ்ட் முடிய. அதனால் ஜூலை என்ற உங்கள் கணக்கு சரியானதே. ஆனால் ஜூலையிலும் பத்து நாள் மழை இல்லாமல் போனால் பாறை மட்டும்தான் தெரியும். ஆடி அமாவாசை அன்று அருவியில் முழுகித் திதி கொடுக்க வருகிற கூட்டம் தனி. அந்தத் தேதியைப் பார்த்துத் தவிர்த்துவிடுங்கள்.

ரயில் டிக்கெட்டோ 60 நாளுக்கு முன்பே எடுத்தாக வேண்டும். தண்ணீர் எப்படி விழுகிறது என்பது முந்தின நாள்தான் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துவைப்பதுதான் குற்றாலத் திட்டம். நான் கண்ட வழி ஒன்றே: வார நாளில் இரண்டு இரவு தங்குவது. திங்கள் இரவு எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினால் செவ்வாய் காலை தென்காசியில் இறங்கலாம். செவ்வாய், புதன் இரவுகள் அங்கே. வியாழன் மாலை திரும்பும் ரயில். இதில் மூன்று பகலும் இரண்டு விடியற்காலையும் கிடைக்கின்றன. ஒன்று தடையில் போனாலும் இன்னொன்று மிஞ்சும். பிள்ளைகளுக்கு மூன்று நாளாவது லீவு போட வேண்டியிருக்கும், போடுங்கள்.

டிக்கெட்டில் ஒரு சூட்சுமம். 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது பொருந்தும். ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் உங்கள் தாயாருக்கு நடுப் படுக்கை வந்து, யாரிடமாவது மாற்றித் தரச் சொல்லி நிற்க வேண்டியிருக்கும். அவருக்கு மட்டும் தனியாக எடுத்துவிடுங்கள்.

தங்குவதற்குத் தென்காசியில் அறை மலிவு, குற்றாலத்தில் சீசன் வாடகை கண்ணைக் கட்டும். ஆனாலும் குற்றாலத்திலேயே, பேரருவிக்கு நடந்துபோகிற தூரத்தில் எடுங்கள். காரணம் விடியற்காலை நாலு மணி.

இரண்டாவது முறை நாங்கள் போனபோது, அத்தையை நாலு மணிக்கு எழுப்பினேன். வர மாட்டேன் என்றார். பார்த்துக்கொண்டு உட்காருங்கள் போதும் என்று சொல்லித்தான் அழைத்துப்போனேன். தெருவில் டீக்கடைகள் மட்டும் விழித்திருந்தன. அருவி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும். விளக்கு வெளிச்சத்தில் தண்ணீர் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பெண்கள் பக்கம் மொத்தமே பதினைந்து பேர்தான். பாறையை ஒட்டிப் பதித்திருக்கிற இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முகத்தைக் காட்டினால் மூச்சு முட்டும். முதல் அடி விழும்போது உடம்பு சுருங்கும். அரை நிமிடம் கழித்துத் தோளில் இருந்த வலி எங்கே போனதென்றே தெரியாது. பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் காதில் விழாது, வாய் அசைவது மட்டும் தெரியும்.

நான் வெளியே வந்து பார்த்தால் அத்தை உட்கார்ந்திருந்த இடத்தில் இல்லை. திரும்பினால், காவலுக்கு நின்ற ஒரு பெண் போலீஸ் அவருடைய முழங்கையைப் பிடித்து, தண்ணீர் சிதறி விழுகிற ஓரத்தில் நிறுத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாவின் சீருடையும் பாதி நனைந்திருந்தது. அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டு, இரண்டு கையையும் கூப்பி நின்றார். கூட்டம் இல்லாத நேரமாக இருந்ததால்தான் அது நடந்தது. பகல் பதினொரு மணிக்கு ஒரு போலீஸுக்கு ஆயிரம் தலை. யாருடைய முழங்கையைப் பிடிப்பார்?

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரம். இவ்வளவு உயரத்திலிருந்து விழுகிற தண்ணீரின் அடியில் எப்படி நிற்க முடிகிறது என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அருவி நேராக நம் தலைக்கு வருவதில்லை. பாதி வழியில் பொங்குமாகடல் என்கிற பள்ளத்தில் விழுந்து, வேகம் தணிந்து, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. தண்ணீர் குறைந்திருக்கிற நாளில் பாறையில் செதுக்கியிருக்கிற லிங்கங்களைப் பார்க்கலாம்.

மற்ற அருவிகளில், ஐந்தருவியில் கூட்டம் பிரிந்து நிற்கும் என்பதால் நெரிசல் கொஞ்சம் குறைவு. நான்கு வயதுக் குழந்தைக்குப் புலியருவி போதும், உயரம் கம்மி, அடி பலமாக விழாது. பழைய குற்றாலம் ஆயிரப்பேரி வழியில் இருக்கிறது. இடம் அழகானது, ஆனால் வெள்ளத்துக்குப் பிறகு நேரக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள், விசாரித்துக்கொண்டு போங்கள். செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் வழி காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே ஏறக் கூடாது.

எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியில் நிற்பது ஒரு காலத்தில் குற்றாலத்தின் அடையாளமாகவே இருந்தது. என் தாத்தா கோவணத்தோடு பாறையில் உட்கார்ந்து எண்ணெய் காயவைத்தது எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அருவியில் எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதற்கும் இடமில்லை, உயர் நீதிமன்ற உத்தரவு. எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. வழுக்கி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

பெண்களுக்கு: சேலையோடு அருவிக்குள் போக வேண்டாம், தண்ணீர் இழுத்துவிடும். சுடிதார் போதும், துப்பட்டாவை அறையிலேயே வைத்துவிடுங்கள். சங்கிலி, கம்மல், மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். என் அத்தை மெட்டியைக் கழற்ற மறுத்தார், ஒரு கால் மெட்டி சிற்றாற்றோடு போயிற்று. ஆளுக்கு இரண்டு துண்டு வேண்டும், சாரல் காலத்தில் ஒன்று காயவே காயாது. கையில் பழம், பிஸ்கட் எதையும் பிடித்துக்கொண்டு நடக்காதீர்கள். குரங்குகளுக்கு நம் வீட்டுப் பிள்ளை, அயல் வீட்டுப் பிள்ளை என்ற பேதம் கிடையாது.

குளித்து முடித்தவுடன் வருகிற பசி சாதாரணப் பசி அல்ல. எதிரிலேயே மிளகாய் பஜ்ஜி போடுவார்கள். தேங்காய் எண்ணெயில் பொரிக்கும் நேந்திரங்காய் சிப்ஸைச் சூடாகத் தரும் கடையாகப் பார்த்து வாங்குங்கள். மங்குஸ்தான், ரம்புத்தான் இரண்டும் சீசனில் கொட்டிக் கிடக்கும். மங்குஸ்தானை அழுத்திப் பார்த்து, தோல் கல்லாக இருந்தால் விட்டுவிடுங்கள். அசைவம் சாப்பிடுகிறவர்கள் என்றால் ஒருவேளையாவது செங்கோட்டைக்குப் பக்கத்தில் பிரானூருக்குப் போய்ப் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட வேண்டும். அந்த இடத்தை இன்றும் பார்டர் என்றுதான் சொல்வோம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. எல்லை புளியரைக்குத் தள்ளிப் போய்விட்டது, 'பார்டர் பரோட்டா' என்ற பெயர் மட்டும் பழைய எல்லையிலேயே நிற்கிறது.

தடை போட்டுவிட்டால் என்ன செய்வது என்பதை இப்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். அறைக்குள் உட்கார்ந்து டிவி பார்த்தால் சண்டைதான் வரும். பேரருவிக்கு அருகிலேயே குற்றாலநாதர் கோயில் இருக்கிறது, சங்கு வடிவத்தில் கட்டியது. கொஞ்சம் தள்ளிச் சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் ஒன்று, இங்கே அவர் சிலையாக இல்லை, ஓவியமாக இருக்கிறார். சுவர் முழுக்க மூலிகை வண்ணச் சித்திரங்கள். பேருந்து பேருந்தாக வருகிற கூட்டத்தில் பாதி இதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறது. தென்காசிக் கோயில் கோபுர வாசலில் அடிக்கிற காற்றை உங்கள் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள். பண்பொழி திருமலைக் கோயிலுக்கு மலை மேலே வண்டி போகும், தாயார் படி ஏற வேண்டாம். குளம் நிறைந்திருந்தால் ஐந்தருவிப் பக்கம் வெண்ணமடைக் குளத்தில் படகு விடுவார்கள். கேரள எல்லைக்குள் இருக்கும் பாலருவியைப் பலரும் சொல்வார்கள். நல்ல அருவிதான், ஆனால் இங்கே தடை போடுகிற மழையில் அங்கும் பெரும்பாலும் மூடியிருப்பார்கள். நம்பிப் போகாதீர்கள்.

டிக்கெட் உறுதியானதும் தேதியை இங்கே கருத்தில் எழுதுங்கள். மேலகரத்தில் என் அண்ணி இருக்கிறார். நீங்கள் கிளம்புகிற அன்று காலை அவரை மாடியிலிருந்து மலையைப் பார்க்கச் சொல்லி, தண்ணீர் விழுகிறதா என்று கேட்டுச் சொல்கிறேன். மலையே தெரியாமல் மேகம் மூடியிருக்கிறது என்று அண்ணி சொன்னால், துண்டு இன்னும் இரண்டு கூட எடுத்துவையுங்கள்.