கன்று மீந்தால் வாசலில் விற்கலாமா?

கேள்வி: வணக்கம் அக்கா. ஜெலுத்தோங்கில் மூலை வீடு எங்களுடையது. பத்து வருடத்துக்கு முன் வைத்த ஹெலிகோனியா, ஸ்னேக் பிளான்ட், புங்கா காந்தான் (சமையலுக்குப் பூ தரும் இஞ்சி இனச் செடி), செராய் (எலுமிச்சைப் புல்) எல்லாம் தூர் கட்டி வேலியை நெருக்குகின்றன. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் தாமானில் (குடியிருப்பில்) அவரவர் வாசலில் பழைய சாமான் விற்கப்போகிறோம். செடியையும் பிரித்து வைக்கலாமா? என்ன விலை சொல்வது? "செடியைப் போய் காசுக்கு விற்பாயா" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார்.
- ஒரு வாசகி, பினாங்கு

பதில்: சிரிக்கட்டும் தங்கச்சி. மண் மூட்டையைத் தூக்க ஆள் வேண்டும், அவரையே கூப்பிடுங்கள்.

அடுத்த மாதம் என்றால் இந்த வாரமே தோண்ட வேண்டும். முதல் தடவை நான் விற்றபோது சனிக்கிழமை சாயங்காலம்தான் மண்வெட்டியை எடுத்தேன். மறுநாள் பத்து மணி வெயிலுக்கு அத்தனை ஹெலிகோனியாவும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. பக்கத்துச் சந்து சீன ஆன்ட்டி குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பழைய இடியாப்பத் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பிரித்த கன்று புது வேர் விட மூன்று நான்கு வாரம் நிழலில் இருக்க வேண்டும். தண்டைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். மண் கெட்டியாகப் பிடித்திருந்தால் விற்கலாம், தண்டு மட்டும் கையோடு வந்தால் இன்னும் ஆகவில்லை.

ஹெலிகோனியாவில் ஒரு துண்டுக்கு இரண்டு மூன்று தண்டும் ஒரு முளையும் இருக்கட்டும். பூத்து முடிந்த தண்டு வாழை மாதிரி, திரும்பப் பூக்காது; அடியோடு வெட்டிவிடுங்கள். மற்ற தண்டுகளை முழங்கால் உயரத்துக்கு நறுக்கினால் செடி வாடாது. ஆனால் மொட்டையாகத் தெரியும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதனால் தோண்டுவதற்கு முன்பே பூவை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் கரை போட்ட ஸ்னேக் பிளான்ட் இருக்கிறதா? சிலர் இலையைத் துண்டு போட்டு நட்டு நிறையக் கன்று எடுப்பார்கள். அப்படி வரும் குட்டியில் கரை இருக்காது, வெறும் பச்சைதான். கிழங்கோடு பிரித்தால்தான் மஞ்சள் நிற்கும். உங்களுடையது பிரித்த கன்று என்பதை வாங்குகிறவரிடம் சொல்லுங்கள். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கூடவே கேட்கலாம்.

புங்கா காந்தான் விஷயத்தில் நான் பட்ட அவமானத்தையும் சொல்லிவிடுகிறேன். என் கொல்லையில் அதுவும் லெங்குவாஸும் (அரத்தை) அடுத்தடுத்து நின்றன. இளங்கன்றில் இரண்டும் இஞ்சி ஜாடைதான். பெயர் எழுதாமல் பைகளை வரிசையாக வைத்தேன். ஒரு மலாய்க்கார அம்மா லக்சா நூடுல்ஸுக்குப் பூ வேண்டும் என்று ஆசையாக ஒன்று வாங்கிப் போனார். பல மாதம் கழித்து வாசலில் வந்து நின்றார். கையில் இலைத் தண்டின் நுனியில் பூத்த சின்னச் சின்ன வெள்ளைப் பூ. காந்தான் பூ அப்படியா வரும்? மண்ணிலிருந்து தனிக் காம்பில், இலையே இல்லாமல் நிமிர்ந்து வரும். அவர் கோபப்படவில்லை, "ரெண்டாங் கறிக்கு ஆச்சு" என்றார். எனக்குத்தான் முகத்தைத் தூக்க முடியவில்லை. நல்ல காந்தான் கன்று ஒன்றைக் கொடுத்து அனுப்பினேன். அன்றிலிருந்து பிரிக்கும்போதே பெயர் எழுதிவிடுவேன். ஐஸ்கிரீம் டப்பாவைக் கீற்றாக வெட்டி, பென்சிலால் எழுதுங்கள். மார்க்கர் பேனா நம் வெயிலில் வெளுத்துப் போகும், பென்சில் நிற்கும். கிழங்கை ஒரு முறை கீறி முகர்ந்தும் பாருங்கள், லெங்குவாஸ் வாசனை மூக்கில் ஏறும்.

விலை? நான் பை ஒன்று ஐந்து வெள்ளி, மூன்று எடுத்தால் பன்னிரண்டு என்று வைப்பேன். செராய் இரண்டு வெள்ளி. அது எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நர்சரி விலையைப் பார்த்து ஏக்கப்படாதீர்கள், அவர்களுக்குக் கடை வாடகை இருக்கிறது. சில்லறை நிறைய வைத்திருங்கள், காலையில் வருகிறவர்கள் ஐம்பது வெள்ளி நோட்டைத்தான் நீட்டுவார்கள்.

கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: கறிவேப்பிலை மரம் இருந்தால் அதன் வேரில் முளைத்த கன்றுகளையும் எடுங்கள். முதலில் போய்விடுவது அதுதான். பிடுங்கினால் பட்டுப்போகும். தாய் வேரோடு சேர்ந்த இடத்தைக் கத்தியால் அறுத்து, அங்கேயே சில வாரம் விட்டு, தனக்கென்று வேர் விட்டபிறகு மண்ணோடு தோண்ட வேண்டும்.

முதல் நாள் இரவு ஒவ்வொரு பையையும் தூக்கி அடியைப் பாருங்கள், நத்தை ஒட்டியிருக்கும். தட்டு வைத்திருந்தால் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். டெங்கி கொசுவையும் சேர்த்து விற்க வேண்டாம்.

சாயங்காலம் மீந்ததை கேட்டுக்கு வெளியே வைத்து "பெர்சுமா" (இலவசம்) என்று ஓர் அட்டை மாட்டிவிடுங்கள். எங்கள் வீட்டு செராய் அப்படித்தான் போகும். போன தடவை அட்டையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.